கல்யாண கேசட்டில் ஒரு பச்சைத் திரை

1

மலேசியாக்காரி வீட்டில் எல்லாம் இருக்கும் என்று ஊரில் உங்களுக்கு ஒரு நினைப்பு. இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. துணி காயவைக்க ஒரு மெஷின் இருக்கிறது; அது கெட்டுப்போய், இப்போது அதன் மேல்தான் துணி காய்கிறது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிவி இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து ஆளுக்கொரு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்போம். ஆனால் ஒரு பழைய வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாயில், எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றில்கூட அதற்கான பெட்டி கிடையாது. ஒரு காலத்தில் அந்தப் பெட்டியைக் கூடத்தில் நடுநாயகமாக வைத்து, பூவேலை போட்ட துணியால் மூடி, மூத்த மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதையெல்லாம் செய்தவர்கள்தான் இவர்கள்.

எனக்கு அந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். போன வருஷம் ஊரில் என் உம்மா மௌத்தானார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இப்போது வருஷ ஃபாத்திஹா வருகிறது. என் மகன் இர்ஃபானுக்கு சிங்கப்பூரில் வேலை. தினமும் மோட்டாரில் பாலம் கடந்து போய் வருகிறவன். அவனுக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"மா, நன்னி போட்டோ ஒண்ணு அனுப்புங்க லா. ஃபேமிலி குரூப்ல போடணும்."

போட்டோவுக்கு எங்கே போவேன்? உம்மா கேமராவைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடுகிற ஆள். இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்தது ஒன்றுதான். அதில் முக்காட்டுக்குள் ஒரு மூக்கு தெரியும். அந்த மூக்கை அனுப்பினேன். அவன் அதைச் சுற்றி ரோஜாப்பூ வரைந்து, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் குரூப்பில் போட்டான். உடனே ஆளாளுக்குக் கண்ணீர் விடுகிற பொம்மையாக அனுப்பித் தள்ளினார்கள். அதில் பாதிப் பேர் உம்மாவைப் பார்த்ததே இல்லை. பார்த்த மீதிப் பேர், உம்மாவின் வாய்க்குப் பயந்து தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தவர்கள்.

எனக்கு முகம் வேண்டாம். முகம் எனக்கு மறக்காது. எனக்கு வேண்டியது ஒரு பேச்சு. என் தம்பி கல்யாணத்தின்போது, ஊருக்குப் போகமுடியாமல் இங்கே கிடந்த எனக்காக உம்மா பேசி அனுப்பியது. அது ஒரு கேசட்டில் இருந்தது. அதில் உம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். கூப்பிட்டு என்ன சொன்னார் என்பது இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியாது.

2

தெரியாமல் போன கதை இது. இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வெட்கப்படவேண்டியவர்கள் வெட்கப்படட்டும்.

கடல் தாண்டிப் பிழைக்கப் போன ஆண்களை எங்கள் கரையில் சபுராளி என்போம். ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் குடும்பத்து ஆண்களில் பாதிப் பேர் சபரில் இருப்பார்கள். கல்யாண வீடியோ எடுப்பது மாப்பிள்ளை பெண்ணுக்காக இல்லை, இவர்களுக்காக. வீடியோக்காரர் விளக்கைப் போட்டதும் ஒவ்வொருத்தராகக் கேமரா முன்னால் வந்து நிற்பார்கள். "மச்சான், எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் என்பதுபோல் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். அப்புறம் கைக்கடிகாரம் ஒன்று அனுப்பச் சொல்வார்கள். பந்தியில் சாப்பிடுகிற ஒவ்வொரு வாயையும் வீடியோக்காரர் கிட்டத்தில் போய் எடுப்பார். இந்த வாய்களைப் பார்ப்பதற்காகத்தான் அந்தக் கேசட் கடல் தாண்டி வரும்.

பெண்கள் அதில் வரக்கூடாது. மலேசியாவில் முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் உட்கார்ந்து பார்ப்பார்களாம். சரி, இங்கே கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு தாய் ஏதாவது சொல்லவேண்டும் என்றால்? அறைக் கதவில் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்று பேசவேண்டும். வீடியோக்காரருக்குக் கேமராவை எங்கே திருப்புவது என்று தெரியாது. திரையையே எடுப்பார். அப்படித்தான் தம்பியின் கல்யாணக் கேசட்டில், பந்தியெல்லாம் முடிந்த பிறகு, எங்கள் வீட்டுப் பச்சைத் திரை வந்தது.

நாங்கள் அப்போது ஜொகூர் பாருவில் கடைக்கு மேல் மாடியில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். கீழே சாப்பாட்டுக் கடை. கடைக்கும் வீட்டுக்கும் எங்கள் எல்லாருக்கும் எஜமான், என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். ஊரிலிருந்து கேசட் வந்தால் நேராக வீட்டுக்கு வராது. கடையை அடைத்த பிறகு அங்கிருந்த வீடியோப் பெட்டியில் போட்டு ஆண்கள் முதலில் பார்ப்பார்கள். பார்க்கக்கூடாத பெண் யாராவது தவறி அதில் வந்துவிட்டாளா என்று சோதிக்கிறார்களாம். பார்க்கக்கூடாததைத் தாங்கள் முதலில் பார்த்துவிடுவது எந்த ஊர் நியாயம் என்று நான் யாரிடம் கேட்பது? பெரிய மச்சான் பார்த்து, "ஒண்ணும் இல்ல, போட்டுப் பாருங்க" என்று சொன்னால்தான் கேசட் மாடிக்கு வரும். ரிமோட் மட்டும் அவர் கையைவிட்டு இறங்காது.

அன்றைக்கு நான் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் நாற்காலியில். என் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு. பச்சைத் திரை வந்தது. "அடியே ஜொஹரா" என்றது உம்மாவின் குரல். அந்த 'அடியே'யைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது.

"வெறும் திரையை என்னத்தப் பாக்குறது," என்றார் பெரிய மச்சான். பொத்தானை அமுக்கினார்.

திரை கோடு கோடாகக் கிழிந்து சத்தமில்லாமல் ஆடியது. பிறகு மறுபடியும் மாப்பிள்ளை ஊர்வலம். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாளே ஆன பெண், மூத்த மச்சானிடம் "நிறுத்துங்க, எங்க உம்மா பேசுறாங்க" என்று சொல்வதற்கு அந்த வீட்டில் வாய் ஏது? என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேசட் பெரிய மச்சானின் அலமாரிக்குப் போனது. அலமாரிச் சாவி அவர் இடுப்பு வாரில் தொங்கியது.

3

அந்தக் கல்யாணத்துக்கு நான் போகாமல் இருந்ததும் அந்த அலமாரியின் புண்ணியம்தான். "உன் பாஸ்போர்ட் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு இருக்கு, விசா முத்திரை இன்னும் விழல," என்று பெரிய மச்சான் சொன்னார். நம்பினேன். பாஸ்போர்ட் அவருடைய சட்டைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது. நான் போய்விட்டால் கடைக்கு வெங்காயம் உரிக்க ஆள் இல்லை. மூட்டை மூட்டையாக உரித்தேன். 'மலேசியா மாப்பிள்ளைக்கு வாக்கப்பட்டவ' என்று ஊரில் என்னைப் பார்த்து ஏங்கினார்களே, அவர்கள் யாராவது அன்றைக்கு என் கையை முகர்ந்து பார்த்திருக்கவேண்டும்.

உம்மா போன் செய்தார். போன் கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பெரிய மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"கேசட்டு பாத்தியா?"

"பாத்தேம்மா."

"நான் சொன்னதக் கேட்டியா?"

கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் ஆள். "ம்," என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டார். வழக்கமாகப் போனை வைக்க மனசில்லாமல் இழுக்கிறவர். அன்றைக்கு ஏன் அப்படி வெட்டிக்கொண்டார் என்று புரியாமல் நான் திரும்ப வெங்காயத்துக்குப் போனேன்.

வருஷங்கள் கழித்து இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போனபோது கேட்டேன். "கேசட்டுல என்னம்மா சொன்னீங்க? மச்சான் ஓட்டிட்டாரு, நான் கேக்கல." உம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் பிள்ளைகளைப் பார்த்தார். "அது அப்பச் சொன்னது. இப்ப எதுக்கு," என்று முறத்தை எடுத்துக்கொண்டார். எவ்வளவு கெஞ்சினாலும் அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தப் பயணத்தில்தான் ஊர்க் கடையில் போய் "ரெண்டு தோசை பொங்குஸ்" என்று கேட்டேன். இங்கே பொட்டலம் கட்டுவதற்கு அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மலேசியாவா?" என்று விலையைக் கூட்டினார். சரி, இங்கே வந்து மலாயாவது ஒழுங்காகப் பேசினேனா? குடியுரிமை கேட்டு நேர்காணலுக்குப் போன இடத்தில், எதிரில் இருந்த அம்மாள் அன்பாக, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார். தேங்காய்ப் பால் ஊற்றி மீன் கறி என்று சொல்ல நினைத்து, கெலாப்பா என்பதற்குப் பதில் கெப்பாலா என்றேன். இரண்டு தலையைத் துருவிப் பிழிந்து ஊற்றுவேன் என்று ஒரு அரசாங்க ஊழியரிடம் சொல்லிவிட்டு வந்த ஆள் நான். இன்னும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டைதான் வைத்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் என் வீட்டுக்காரர்.

பிள்ளைகளின் தமிழைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள், என்னிடம் தமிழில் பேசுவதை ஒரு தர்மகாரியம்போலச் செய்வாள். மகன் பாதி ஆங்கிலம், பாதி மலாய், நடுவில் 'மா' என்று ஒரு தமிழ். கொஞ்சம் வேகமாகப் பேசினால் அவனுக்கு ஒன்றும் புரியாது. தகப்பனை 'டேடி' என்கிறான். அதைக் கேட்டுப் பூரிக்கிற தகப்பனும் இருக்கிறார்.

4

பெரிய மச்சான் கெலாங் பாத்தாவில் பெரிய வீடு கட்டி, அதில் நன்றாக வாழ்ந்து, போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது, தூக்கிப்போட மனசில்லாத குப்பையை எல்லாம் உறவுகளுக்குப் பங்கு வைத்தார்கள். எங்கள் பங்குக்கு ஒரு மைலோ அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பழைய செருப்புகள், அவற்றுக்கு அடியில் கேசட்டுகள். ஒன்றின் மேல் என் தம்பி பெயரும் நிக்காஹ் என்றும் எழுதியிருந்தது. நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் சாவி போட்டுப் பூட்டி வைத்த பொருளை, கடைசியில் பழைய செருப்போடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் ஃபைலா மாத்திடலாம் மா, ஈசி லா," என்றான் இர்ஃபான். ஈசி என்றவன் செய்வானா? அவனுக்கு நேரமில்லை. மாசாயிலேயே சலவைக் கடைக்கு மேல்மாடியில், முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சேகர் என்பவர் இந்த வேலை செய்கிறார் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர், "நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்," என்றார். கேட்காமல் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தாத மனிதர் தானாக முன்வந்தபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். பாவம், உம்மா விஷயம் என்று இவருக்கும் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு பென் டிரைவ் வந்தது. இவரும் மகனும் வெளியே போயிருந்த நேரம். டிவியில் செருகினேன். அடடா, என்ன அலங்காரம்! தம்பியின் பெயர் தங்க எழுத்தில் சுழன்று வந்து நின்றது. இதயங்கள் பறந்தன. ஊர்வலம், பந்தி, நடுவில் பந்தி விசாரிக்கிற என்னைப் பெற்ற வாப்பா, அந்த வாய்கள். பேச்சு கேட்கவேண்டிய இடமெல்லாம் புல்லாங்குழல். கடைசி வாய் சாப்பிட்டு முடித்தது. அடுத்து திரை வரவேண்டும். நான் டிவிக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

வரவில்லை. பந்தியிலிருந்து நேராக மறுபடியும் ஊர்வலத்துக்குத் தாவியது. நடுவில் ஒரு ரோஜாப்பூ மலர்ந்து மூடியது, அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ரோஜாப்பூ மலர்ந்தது. உம்மாவை வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே சலவைக் கடை மாடிக்குப் போனேன்.

5

சேகர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பழைய டெக்குகளை அடுக்கிவைத்து நடுவில் கோவில் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் போனதும், "ஆன்ட்டி, எப்படி? மியூசிக் நல்லா இருந்துச்சா?" என்றார்.

"யாருய்யா உங்ககிட்ட பாட்டு கேட்டது?" என்றேன். "கல்யாண வீட்டுல மனுஷங்க பேசினா உங்களுக்குக் காது வலிக்குதா? அதையெல்லாம் ஊதி ஊதி அடைச்சு வச்சிருக்கீங்க. அதுவாவது போகட்டும். ஒரு பச்சைத் திரை வருமே, எங்க?"

"ஓ, அதுவா?" என்று சிரித்தார். "அந்த இடம் கட் பண்ணியாச்சு ஆன்ட்டி. யாருமே இல்லியே, வெறும் கர்ட்டன்."

"கர்ட்டனுக்குப் பின்னால எங்க உம்மா இருக்காங்க. நீங்க பாட்டுக்கு வெட்டிட்டீங்க. வீடியோ எடுத்த ஆளுன்னு சொல்றீங்க, யாரு பேசுறாங்கன்னு காது குடுத்துக் கேக்கணும்னு ஒரு அறிவு வேணாம்? மூளையையும் அந்தப் புல்லாங்குழல்ல போட்டு ஊதிட்டீங்களா?"

இன்னும் நிறையச் சொன்னேன். அச்சில் வராது. கீழே சலவைக்குத் துணி போட வந்தவர்கள் படியில் ஏறி வந்து பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். சேகரின் சிரிப்பு போய்விட்டது.

"ஆன்ட்டி, சும்மா என்னைத் திட்டாதீங்க லா," என்றார். "நான் எதையும் கட் பண்ற ஆள் இல்ல. கஸ்டமர் என்ன குடுக்குறாங்களோ அது ஃபுல்லா ஏத்திக் குடுத்துடுவேன். அங்கிள்தான் சொன்னாரு. பந்தி முடிஞ்சதும் ஒரு பச்சை கர்ட்டன் வரும், அது வேணாம், எடுத்துடுங்கன்னு. ரெண்டு தடவ போன் பண்ணி வேற ஞாபகப்படுத்தினாரு."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரை வரும் இடம் என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு மாடியில் பார்த்ததுதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெறும் திரை எதற்கு என்று அண்ணன் புத்தி தம்பிக்கும் வந்திருக்கும்.

"கேசட்டைக் குடுங்க, வேற இடத்துல மாத்திக்குறேன்," என்றேன்.

"கேசட்டு போச்சு ஆன்ட்டி. பூஞ்சை புடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. துடைச்சு ஒரு தடவ ஓட்டினேன், முடியிற நேரத்துல அறுந்துடுச்சு." என் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: "ஆனா முழுசா ஏத்தின ஃபைலு கம்ப்யூட்டர்ல இருக்கு. இன்னும் அழிக்கல. அங்கங்க சவுண்டு போகும், சொல்லிட்டேன், பூஞ்சை தின்ன இடம்."

புல்லாங்குழல் இல்லாமல் அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சேகரைத் திட்டியதில் பாதி இன்னொருவருக்குச் சேரவேண்டியது என்பது மட்டும் படியிறங்கும்போதே தெரிந்தது.

6

வீட்டுக்கு வந்தபோது இவர் வந்திருந்தார்.

"திரையை ஏன் வெட்டச் சொன்னீங்க?"

"வெட்டச் சொன்னேனா? ஆமா. யாரும் இல்லாத இடந்தானே. பாக்குறவங்களுக்கு அலுத்துடும்." இவர் கண் செய்தித்தாளை விட்டு எழவில்லை.

"பாக்குறவ நான். எனக்கு அலுக்காது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இர்ஃபானை உட்காரவைத்து ஃபைலைப் போடச் சொன்னேன். இவர் பள்ளிவாசலில் வேலை இருக்கிறது என்று சட்டையை மாட்டினார். "உக்காருங்க," என்றேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் இவரை ஒரு வார்த்தையில் உட்காரவைத்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தார்.

பச்சைத் திரை சுவர் முழுக்க வந்து நின்றது. ஓரத்தில் உம்மாவின் விரல் நுனி, துணியைப் பிடித்துக்கொண்டு.

"அடியே ஜொஹரா. இந்த வீடியோக்காரன் நிக்கிறானா போய்ட்டானா? நின்னா நிக்கட்டும். நல்லா கேட்டுக்க. பொண்ணு வீட்டுக்காரங்க கொண்டாந்த சீருல பாதி தகரம். பிரியாணியில ஆட்டக் காட்டிட்டுத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க போல. உந்தம்பி மொகத்தப் பாரு, இன்னிக்கே பொண்டாட்டி தாசன் ஆயிட்டான். உன் மாப்பிள்ளையோட அண்ணன் இருக்கானே, உன் பாஸ்போட்டு ஆபீசுல இருக்குன்னு சொன்னவன், எவன்கிட்ட கத விடுறான்..."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இந்த நாக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் தாண்டியிருந்துகொண்டு, கண்ணால் பார்க்காமலே, பெரிய மச்சானின் அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

"நன்னி என்ன மா சொல்றாங்க? ரொம்ப ஃபாஸ்ட்டா இருக்கு," என்றான் இர்ஃபான்.

"இரு," என்றேன்.

உம்மாவின் குரல் இறங்கியது. "சரி, விளையாட்டு போதும். ஜொஹரா, இத மட்டும் கவனமாக் கேளு. நீ அங்க..."

படம் கிழிந்தது. இரைச்சல். திரை மேலும் கீழும் குதித்தது. இரைச்சல் நின்றபோது உம்மா, "அவ்வளவுதான், நான் வைக்கிறேன்," என்று போனில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். விரல் திரையை விட்டது. மறுபடியும் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது.

"பின்னால போ," என்றேன். மகன் போனான். அதே இரைச்சல். "இன்னொரு தடவை." அதே இரைச்சல். சத்தத்தைக் கூட்டச் சொன்னேன், இரைச்சல்தான் கூடியது. தேடித் தேடிக் கடைசியில் பூஞ்சை தின்றது அந்த இடத்தைத்தானா? எனக்கு ஆத்திரம் பொங்கியது. தலையணையைத் தூக்கி டிவியின் மேல் எறிந்தேன்.

அப்போது பக்கத்திலிருந்து இவர் பேசினார். டிவியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி.

"'நீ அங்க நல்லா இல்லன்னா, அடுத்த தடவ போன்ல உம்மா வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லுடி. வாப்பாவப் பிளேன் ஏத்தி அனுப்புறேன். கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துடுவாரு. ஊரு என்ன சொல்லும்னு பாக்காத, ஊரு வாயில மண்ணு. சோறு இங்க இருக்கு. நீ ஒண்ணும் சொல்லலன்னா நல்லா இருக்கேன்னு எடுத்துக்குவேன். பொறவு நான் கேக்கமாட்டேன்.'"

இவர் என்னை 'டி' போட்டுப் பேசியதே கிடையாது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

"எப்பக் கேட்டீங்க?" என்றேன்.

"கடையில. அண்ணன் போட்டப்ப. மாடிக்கு வர்றதுக்கு முந்தியே." செருமினார். "இந்த எடத்த ஓட்டிடணும்னு அண்ணன்தான் சொன்னாரு. நான் சரின்னு சொன்னேன்."

"ஏன்?"

"நீ போயிடுவியோன்னு பயந்தேன்."

"போயிருப்பேன்," என்றேன்.

பெரிய மச்சானை நான் ஆயுசு முழுக்க அற்பன் என்று நினைத்து வந்தேன். அவர் அற்பன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் எனக்கு யாரோ. அன்றைக்குக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நான் "இல்லம்மா" என்று சொன்னபோது, இந்த மனிதர் இரண்டடி தள்ளி மேசை துடைத்துக்கொண்டிருந்தார். அந்த "இல்லம்மா"வுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அதற்கப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தார், பிள்ளைகளைத் தோளில் தூக்கினார், நல்லவர் என்று ஊரிலும் இங்கேயும் பெயர் வாங்கினார். எல்லாம் அந்தச் சொல்லை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே.

"என்ன மா? டேடி என்ன சொன்னாரு?" இர்ஃபான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரு எங்க போறது? எனக்கு ஒண்ணுமே புரியல."

"கேக்குறான் பாருங்க," என்றேன் இவரிடம். "மலாய்ல சொல்லுங்க, அப்பதான் அவனுக்குப் புரியும். ஒரு வார்த்தை விடக்கூடாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. இவர் மகன் பக்கம் திரும்பி, மலாயில் ஆரம்பித்தார். வாப்பாவை அனுப்புகிறேன் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். எனக்கே அந்த மலாய் வரும், எடுத்துக்கொடுக்கவில்லை. இர்ஃபான் போனைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவர் மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறவரை.